விரல் நோகிறதா? காலணியையும் பாருங்கள்! வாசகர் கேள்வி – பதில்

கால் தொடர்பான சந்தேகங்களை அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் விரல் வலியைப் பற்றியவைதான் அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். விரலில் சீழ், ஆறாத புண், காய்ச்சலோடு வீக்கம், நீலம் பாய்தல் இவற்றில் எது இருந்தாலும் இதழைப் படித்துக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

பாதுகாவல் அதிகாரியாக வேலை செய்கிறேன். ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம். விரல் நுனியெல்லாம் எரிகிறதே என்று ஒரு சைஸ் கூட்டி சப்பாத்து வாங்கினேன். இப்போது பெருவிரல் நகமே கறுத்துவிட்டது. இன்னொரு சைஸ் கூட்டிப் பார்க்கலாமா?
– ஈசூன் வாசகர்

கூட்டாதீர்கள். உங்கள் நகம் கறுத்ததற்கே அந்தக் கூடுதல் சைஸ் காரணமாக இருக்கலாம்.

காலணிக்குள் பாதத்தை நகராமல் நிறுத்த வேண்டியவை இரண்டு: பின்னால் குதியைக் கவ்வும் பகுதி, மேலே புறங்காலை அழுத்திப் பிடிக்கும் நாடா. இவை இரண்டும் பிடித்தால்தான் விரல்கள் சும்மா இருக்கும். காலணி பெரிதாகிவிட்டால், அல்லது நாடா தளர்ந்திருந்தால், ஒவ்வொரு அடிக்கும் பாதம் முன்னால் வழுக்கி விரல் நுனி காலணியின் முன்சுவரில் போய் இடிக்கும். படி இறங்கும்போது இன்னும் மோசம். நாளுக்குச் சில ஆயிரம் முறை இடித்தால் நகத்தின் அடியில் ரத்தம் கட்டும். வழுக்காமல் இருக்க விரல்கள் தாமாகவே மடங்கித் தரையைப் பற்றப் பார்க்கும். அந்த எரிச்சலுக்கு இதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று. பிரிட்டிஷ் அளவில் ஒரு சைஸ் கூட்டினால் நீளம் சுமார் 8 மில்லிமீட்டர் கூடும். அகலம் கூடுவது அதில் சிறு பங்குதான். அகலப் பாதக்காரர்கள் சைஸைக் கூட்டிக்கொண்டே போவது இதனால்தான் பலிப்பதில்லை. அவர்களுக்குத் தேவை அதே நீளத்தில் அகலமான வார்ப்பு. விளையாட்டுக் காலணிகளில் ஆண்களுக்கு 2ஈ (2E), 4ஈ (4E) என்று அகலத்தைக் குறித்திருப்பார்கள். கடைக்காரர் தானாக எடுத்துத் தரமாட்டார்; நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வீட்டிலேயே அளந்துகொண்டு போங்கள். மாலையில் அளக்க வேண்டும், காலையை விட அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும். தரையில் காகிதத்தை விரித்து, வேலைக்குப் போடும் காலுறையோடு அதன்மேல் நில்லுங்கள். உட்கார்ந்து அளக்காதீர்கள், எடை இறங்கும்போதுதான் பாதம் முழு நீளத்துக்கு விரியும். பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இன்னொருவர் சுற்றி வரையட்டும். இரண்டு காலையும் வரையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருப்பது அபூர்வம், வாங்குவது பெரிய காலுக்குத்தான். அந்த உருவத்தை வெட்டி எடுத்துக் கடைக்குக் கொண்டு போங்கள். காலணியின் உள்ளட்டையை உருவி எடுத்து அதன்மேல் வைத்தால், மிக நீண்ட விரலுக்கு முன்னால் 1 முதல் 1.2 சென்டிமீட்டர் இடம் மிஞ்ச வேண்டும். பலருக்கு மிக நீண்டது பெருவிரல் அல்ல, இரண்டாம் விரல். பக்கவாட்டில் காகிதம் உள்ளட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலணி குறுகல். அதை 'போடப் போட இளகிவிடும்' என்று வாங்கவே வாங்காதீர்கள். தோல் ஓரளவு இளகும், செயற்கைப் பொருள் அதுகூட இளகாது. அதற்குள் விரல் தோற்றுவிடும்.

பிறகு நாடா கட்டும் விதம். காலை நுழைத்ததும் குதியைத் தரையில் இரண்டு முறை பின்னோக்கித் தட்டி, குதி பின்சுவரில் ஒட்டிய பிறகே இறுக்க வேண்டும். கீழ்த் துளைகளில் தளர்த்தியாகவும், கணுக்காலை நெருங்க நெருங்க இறுக்கமாகவும். அப்படியும் வழுக்கினால், கடைசி இரண்டு துளைகளில் நாடாவை அதே பக்கத்திலேயே விட்டு ஒரு சிறு வளையம் செய்து, எதிர்ப்பக்க நாடாவை அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்துக் கட்டுங்கள். குதி அசையாது.

கறுத்த நகம் வலிக்காவிட்டால் விட்டுவிடலாம். கால் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் வளரும். முழுதும் புதிதாக வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் ஆகும். கறை நகத்தோடு முன்னால் நகர்ந்து வரவேண்டும். நகராமல் நீளவாட்டில் பழுப்புக் கோடாக நின்றாலோ, நகத்தைத் தாண்டித் தோலிலும் கருமை பரவினாலோ அது ரத்தக்கட்டு அல்லாத வேறொன்றாக, தோல் புற்றாகவும்கூட, இருக்கலாம். தோல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

திருமணமாகி 20 ஆண்டுகளாக மெட்டி அணிகிறேன். அலுவலகத்தில் மூடிய காலணிதான். இரண்டாம் விரலின் பக்கவாட்டில் தடித்து, மாலையானால் விண் விண் என்று தெறிக்கிறது. மெட்டியைக் கழற்ற மனம் வரவில்லை.
– பொங்கோல் வாசகி

மூடிய காலணியின் முன்பகுதி கூர்ந்து போகப் போக விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று நெருக்கப்படும். அந்த நெருக்கத்தில் மெட்டியின் விளிம்பு பக்கத்து விரல் எலும்பில் அழுத்தும். அழுத்தம் படும் இடத்தில் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடிக்கும், தடித்த தோலே பிறகு கல்போல் உறுத்தும். மெட்டிக்கு அடியில் வியர்வை தேங்கித் தோல் வெளுத்து ஊறுவதும் உண்டு. அரிப்போடு சிவந்தால் வெள்ளியோடு கலந்த உலோகம் ஒவ்வாமல் இருக்கலாம்.

மனம் ஒப்பாததைச் செய்யச் சொல்லவில்லை. இடையில் வழிகள் இருக்கின்றன. முத்து வைத்த, முறுக்கு வேலைப்பாடுள்ள மெட்டியை விசேஷ நாளுக்கு வைத்துக்கொண்டு, தினமும் தட்டையான, மெல்லிய, வாய் திறந்த மெட்டியை அணியலாம். 20 ஆண்டுகளில் விரலின் பருமன் மாறியிருக்கும், ஆகவே சிராங்கூன் சாலை நகைக்கடையில் கொடுத்து அளவைத் தளர்த்தி வாங்குங்கள். தினமும் இரவில் கழற்றி, விரலிடுக்கைத் துடைத்து உலரவிட்டுக் காலையில் போடலாம். காலணியின் முன்பகுதி வட்டமாக, உள்ளே விரலை மேலும் கீழும் அசைக்கும் உயரத்தோடு இருக்கட்டும்.

விரலில் அடிபட்டாலோ வீங்கத் தொடங்கினாலோ முதல் வேலை மெட்டியைக் கழற்றுவதுதான். வீங்கிய பிறகு வராமல் போனால் காலை 10 நிமிடம் உயர்த்தி வைத்து, குளிர்ந்த நீரில் நனைத்து, சோப்பு தடவிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் தையல் நூல்: ஒரு நுனியை மெட்டிக்கு அடியில் செலுத்திக் குதிப்பக்கமாக வெளியே எடுங்கள். மீதி நூலை மெட்டியை ஒட்டினாற்போல் தொடங்கி விரல் நுனியை நோக்கி இடைவெளி விடாமல் சுற்றுங்கள். இப்போது குதிப்பக்க நுனியைப் பிடித்து விரல் நுனிப் பக்கமாக மெல்ல அவிழ்த்துக்கொண்டே வந்தால் மெட்டி நூலின்மேல் ஏறி நகரும். விரல் நீலமாகிவிட்டால், மரத்துவிட்டால் இந்த முயற்சியெல்லாம் வேண்டாம். அவசரப் பிரிவில் வெட்டி எடுத்துவிடுவார்கள், நிமிட வேலை.

வயது 52. இரவு 2 மணிக்குப் பெருவிரல் மூட்டு நெருப்புப் பட்டதுபோல் எரிந்து விழித்துக்கொண்டேன். சிவந்து பளபளவென்று வீங்கியிருந்தது. போர்வை பட்டாலே உயிர் போகிறது. மைத்துனர் தன் கௌட் மாத்திரையைக் கொடுத்தார். பத்து நாளில் சரியாகிவிட்டது. ரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் இது என்ன?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

நீங்கள் எழுதியிருப்பது கௌட் தாக்குதலின் அச்சு அசலான வர்ணனை. இரவில் தொடங்கி, ஒரு நாளுக்குள் உச்சத்துக்குப் போய், ஒன்றிரண்டு வாரத்தில் தானே அடங்கும். ரத்தத்தில் யூரிக் அமிலம் கரையக்கூடிய அளவைத் தாண்டினால் ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படிகிறது. உடலின் நடுப்பகுதியை விடக் கால்விரல் குளிர்ச்சியானது. குளிர்ந்த இடத்தில் எளிதாகப் படிகமாகும். பெருவிரல் முதலில் மாட்டிக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

பரிசோதனை சரியாக இருந்ததை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். தாக்குதல் நடக்கும் நாள்களில் ரத்த அளவு தற்காலிகமாகக் குறைந்து காட்டக்கூடும். வலி அடங்கி இரண்டு வாரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்து நுண்ணோக்கியில் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். காய்ச்சல், குளிர் நடுக்கத்தோடு மூட்டு வீங்கினால் கிருமித் தொற்றாக இருக்கலாம், அன்றே மருத்துவமனை.

மைத்துனர் மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'கௌட் மாத்திரை' என்று ஒன்று இல்லை. வலியையும் வீக்கத்தையும் அடக்கும் மாத்திரை வேறு, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு. முதல் வகையில் கோல்கிசின் அளவு மிஞ்சினால் நஞ்சாகும். வயிற்றுப்போக்கு அதன் முதல் எச்சரிக்கை. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகளோடு சேர்ந்தால் அது உடம்பில் தேங்கிவிடும். வேறு சில வலி மாத்திரைகள் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு ஆகாது. இரண்டாம் வகையான அலோபியூரினால் சிலருக்குக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். அதனால்தான் மருத்துவர் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார். தோலில் தடிப்பு கண்டால் உடனே நிறுத்திவிட்டு அவரிடம் போகவேண்டும். ஏற்கெனவே அதைச் சாப்பிட்டு வருபவர்கள் வலி வந்த நாளில் தாங்களாக நிறுத்தக் கூடாது. குறைக்கும் மருந்தின் இலக்கு பொதுவாக லிட்டருக்கு 360 மைக்ரோமோலுக்குக் கீழே.

உணவில் பீர், ஈரல் முதலான உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி, சிப்பி வகை, சர்க்கரை கரைத்த டின் பானங்கள் ஆகியவற்றைக் குறையுங்கள். காலை நாசி லெமாக்கில் வரும் ஒரு பிடி இக்கான் பிலிஸும் நெத்திலிதான். பருப்பு, கீரையைக் கண்டு பயந்து சாம்பாரை விட வேண்டாம். தாவரப் புரதம் கௌட்டைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. ரத்த அழுத்தத்துக்கு, சிறுநீரை அதிகம் போகச்செய்யும் 'நீர் மாத்திரை' சாப்பிடுகிறீர்களா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அதுவும் யூரிக் அமிலத்தை ஏற்றும். தாக்குதல் நாள்களில் துணி சுற்றிய பனிக்கட்டியை 15 நிமிடம் வைக்கலாம். எண்ணெய் போட்டு நீவ வேண்டாம். முன்புறம் திறந்த செருப்பு போதும்.

தேசிய சேவையில் இருக்கும் மகனுக்குப் பெருவிரல் நகம் சதைக்குள் குத்தி ஓரத்தில் வீங்கியிருக்கிறது. வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்ததும் நானே ஓரத்தை நறுக்கிவிடுகிறேன். ஒரு வாரம் நிம்மதி, மறுபடியும் வலி.
– உட்லண்ட்ஸ் வாசகர்

அந்த நறுக்குதல்தான் வலியைத் திரும்ப அழைத்து வருகிறது. ஓரத்தை உள்வாங்கி வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் முள்போல் ஒரு துணுக்கு நின்றுவிடும். நகம் வளரும்போது அது முன்னால் நகர்ந்து சதையைக் கிழிக்கும். மேலே அழுத்திய நகம் இல்லாததால் சதையும் எழும்பி வழியை மறித்துக்கொள்ளும். பூட்ஸின் இறுக்கமும் நாள் முழுக்க ஊறும் வியர்வையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

வெறும் வலியும் சிவப்பும் மட்டும் என்றால்: வெதுவெதுப்பான உப்பு நீரில் 10 – 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. துடைத்து உலர்த்தியபின், வீங்கிய சதையை நகத்திலிருந்து விலக்கும் திசையில் விரலால் மெல்ல அழுத்திவிடுங்கள். நகத்தை விரல் நுனியளவுக்கு வளரவிட்டு, நேர்கோடாக வெட்டி, கூர் முனையை மட்டும் அரத்தால் மழுக்க வேண்டும். குளித்த உடனே ஊறிய நகத்தை வெட்டினால் கிழியும். காலுறை விரலை இழுத்துப் பிடிக்காததாக இருக்கட்டும். பூட்ஸ் நீளமும் அகலமும் பொருந்துகிறதா என்று முதல் பதிலில் சொன்ன காகித முறையில் பாருங்கள். பொருந்தாவிட்டால் மாற்றித் தரும்படி முகாமில் கேட்கட்டும்.

சீழ், பொங்கிய சிவப்புச் சதை, தொட்டால் ரத்தம் என்றால் வீட்டு வைத்தியம் போதாது. விரலை மரக்கச் செய்து, குத்தும் ஓரப் பட்டையை மட்டும் உருவி, அந்த இடத்து வேரில் ஃபீனால் என்ற வேதிப்பொருளைத் தடவுவார்கள். அந்த ஓரம் மறுபடி முளைக்காது. நகம் கொஞ்சம் குறுகலாகத் தெரியும், அவ்வளவுதான். முழு நகத்தையும் பிடுங்க வேண்டிய தேவை அரிது.

காலணிக்குள் சிறு கல் கிடப்பதுபோல் மூன்றாம், நான்காம் விரலுக்கு நடுவே உறுத்துகிறது. உதறிப் பார்த்தால் ஒன்றுமில்லை. கழற்றி நீவினால் போய்விடுகிறது.
– தோ பாயோ வாசகி

அந்த இரண்டு விரல்களுக்கும் போகும் நரம்பு, விரல்களுக்குச் சற்றுப் பின்னால் பாதம் புடைத்திருக்கும் பந்துப் பகுதியின் எலும்புகளுக்கிடையே நசுங்கித் தடித்திருக்கலாம். மருத்துவர்கள் மார்ட்டன் நியூரோமா என்பார்கள். எரிச்சல், மின்சாரம் பாய்வதுபோன்ற தெறிப்பு, விரல் மரத்தல், கழற்றியதும் நிம்மதி இவை அதன் அடையாளங்கள். குறுகலான முன்பகுதியும் 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குதியும் சேர்ந்த காலணியை முதலில் ஒதுக்குங்கள். பாதத்தின் பந்துப் பகுதிக்கு வைக்கும் சிறு திண்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பலரும் அதை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டி வலியைக் கூட்டிக்கொள்கிறார்கள். அதற்குச் சற்றுப் பின்னால், குதிப்பக்கமாக ஒட்ட வேண்டும். அப்போதுதான் எலும்புகள் விரிந்து நரம்புக்கு இடம் கிடைக்கும். ஆறு வாரத்தில் குறையாவிட்டால் பாத சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது, 15 ஆண்டுகளாக நீரிழிவு. சுண்டுவிரலில் கால் ஆணி. மருந்துக் கடை பிளாஸ்திரி ஒட்டலாமா? வீட்டில் வெறுங்காலோடுதான் நடப்பார். வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டிருக்கிறார். தடுப்பதா வேண்டாமா தெரியவில்லை.
– தெம்பனிஸ் வாசகி

பிளாஸ்திரி கூடவே கூடாது. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் ஆணியை மட்டும் தேடிக் கரைக்காது, சுற்றியுள்ள நல்ல தோலையும் அரிக்கும். உணர்ச்சி மங்கிய காலில் அது தெரியாது. அம்மாவுக்கு வலிக்கவில்லை என்றால் நிம்மதி அடையாதீர்கள், நீரிழிவுக் காலில் வலி இல்லாததுதான் கவலைக்குரியது. பிளேடால் சீவுவதும் வேண்டாம். ஆணி வந்தது காலணி சுண்டுவிரலில் உரசுவதால். ஆணியை எடுத்துவிட்டு அதே காலணியைப் போட்டால் சில வாரத்தில் திரும்ப வரும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது பாதப் பரிசோதனை வேண்டும். பலதுறை மருந்தகத்திலேயே செய்கிறார்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டு, 'தெரிகிறதா?' என்று கேட்பார்கள். காலின் நாடித் துடிப்பையும் பார்ப்பார்கள். இந்த இரண்டின் முடிவைப் பொறுத்துத்தான் பால்குடத்துக்குப் பதில் சொல்ல முடியும்.

சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல். உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கின்றன, புண் ஏதும் இல்லை என்று மருத்துவர் சொன்னால், ஊர்வலம் இரவிலேயே தொடங்குவதால் வெயில் ஏறுவதற்கு முன் நடந்து முடிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். உடன் வருபவர் பையில் செருப்பும் தண்ணீரும் இருக்கட்டும். முடிந்ததும் பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை டார்ச் அடித்துப் பாருங்கள். மறுநாளும் பாருங்கள், கொப்புளம் தாமதித்தும் தெரியும். உணர்ச்சி போய்விட்டது என்று தெரிந்தால் வெறுங்காலோடு நடக்க விடாதீர்கள். தார்ச்சாலையும் கற்றரையும் சுட்டது தெரியாமலேயே நடந்து, உள்ளங்கால் முழுக்கக் கொப்புளித்து, அது விரலையே எடுக்கும் வரை போக முடியும். குடத்தை நீங்கள் சுமந்து அவர் கோயிலில் வந்து சேர்ந்துகொள்ளலாமா என்று குருக்களையே கேளுங்கள். அம்மா உங்கள் பேச்சை விட அவர் பேச்சைக் கேட்பார்.

வீட்டுக்குள் வெறுங்கால் பழக்கத்தையும் மாற்றுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே வார் போகும் செருப்பு வேண்டாம். அது கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் எப்போதும் கொக்கிபோல் வளைந்து பிடித்துக்கொண்டே இருக்கும். வளைந்த விரலின் மேல்முட்டியிலும் நுனியிலும் ஆணி விழும், விரலிடுக்கில் வார் உரசிப் புண்ணாகும். பின்வாரும் ஒட்டுப் பட்டையும் உள்ள மிதியடி நல்லது. வெளியே போகும் காலணியைப் போடுமுன் தலைகீழாக உதறி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வாசல் அடுக்கில் கிடக்கும் காலணிக்குள் பேரப்பிள்ளையின் விளையாட்டுத் துண்டு கிடந்து நாள் முழுக்கக் குத்தியும் தெரியாமல் இருக்கும். புதுக் காலணியை முதல் நாள் அரை மணி நேரம் மட்டும் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பார்த்துப் படிப்படியாகக் கூட்டுங்கள். காலுறை வெள்ளையாக இருந்தால் கறை உடனே கண்ணில் படும். களிம்பைப் பாதத்துக்குப் பூசலாம், விரலிடுக்குக்கு வேண்டாம்.

பெருவிரல் உள்நோக்கிச் சாய்ந்து அடிமூட்டு புடைத்திருக்கிறது. இணையத்தில் வாங்கிய விரலிடை ரப்பர் நிமிர்த்திவிடுமா?
– செங்காங் வாசகி

நிமிர்த்தாது. போட்டிருக்கும்போது உராய்வு குறையும், அந்த அளவுக்கு நல்லது. குறுகலான காலணிக்குள் அதையும் திணித்தால் நெருக்கடிதான் கூடும். இந்தச் சாய்வு பெரும்பாலும் பரம்பரை வாகு, கூர்முனைக் காலணி அதை வேகப்படுத்தும். புடைப்பின்மேல் தையலோ அலங்காரமோ வராத, மென்தோல் மேற்பகுதி கொண்ட அகலக் காலணியே முதல் சிகிச்சை. அறுவை சிகிச்சை தீராத வலிக்குத்தான், அழகுக்கு அல்ல. தேறப் பல மாதங்கள் ஆகும்.

கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொண்டேன். வீங்கி ஊதாவாகிவிட்டது. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?
– பிடோக் வாசகர்

விரல் கோணவில்லை, தோல் கிழியவில்லை, மரக்கவில்லை, குதியூன்றி நடக்க முடிகிறது என்றால், சுண்டுவிரலுக்கு எக்ஸ்ரே இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிகிச்சை ஒன்றுதான். இடையில் சிறு பஞ்சு வைத்துப் பக்கத்து விரலோடு சேர்த்து டேப் சுற்றுங்கள். மூட்டின்மேல் படாமல், மேலே ஒன்று, கீழே ஒன்று. தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கு ஊறிப் புண்ணாகும். இரண்டு முதல் நான்கு வாரம் கட்டி, அடி கெட்டியான காலணி அணியுங்கள். முழுதும் ஆற ஆறு வாரம்வரை போகும். இடித்தது பெருவிரல் என்றால் எக்ஸ்ரே எடுத்தே தீரவேண்டும், நடையின் பாரம் அதன்மேல்தான். நீரிழிவோ ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் தாங்களாகக் கட்டுப்போட வேண்டாம்.

பெருவிரலை மேல்நோக்கி மடக்கினால் மூட்டுக்குள் வலிக்கிறது. மிக மென்மையான, இரண்டாக மடியும் ஷூ வாங்கினேன். வலி அதிகமாகிவிட்டது. மென்மைதானே நல்லது?
– அங் மோ கியோ வாசகர்

உங்களுக்கு அல்ல. பெருவிரல் அடிமூட்டு தேய்ந்து இறுகிவிட்டால், ஒவ்வொரு அடியிலும் அதை மடக்கும் காலணிதான் எதிரி. அடிப்பாகம் விறைப்பாக, முன்பக்கம் படகின் அடிபோல் சற்று மேல்நோக்கி வளைந்த காலணியைத் தேடுங்கள். மூட்டு மடங்க வேண்டிய வேலையை அந்த வளைவு செய்துவிடும். கடையில் காலணியின் முனையையும் குதியையும் பிடித்து அழுத்திப் பாருங்கள். மற்றவர்களுக்கு அது விரல் மடியும் இடத்தில் மட்டும் மடிய வேண்டும், உங்களுக்கு அங்கேயும் எளிதில் மடியக் கூடாது. நடுவில் மடிகிற காலணி யாருக்கும் வேண்டாம்.

தொடக்கநிலை இரண்டில் படிக்கும் மகளுக்கு ஆண்டு முழுக்க வரட்டும் என்று பள்ளிக் காலணியைப் பெரிதாக வாங்குகிறோம். சரியா?
– சுவா சூ காங் பெற்றோர்

ஈசூன் வாசகருக்குச் சொன்ன வழுக்கல் குழந்தைக்கும் உண்டு, ஆனால் குழந்தை சொல்லாது. விரல் நுனிக்கு முன்னால் 1 சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்பாதீர்கள். அழுத்தியதும் குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும், இடம் இருப்பதுபோல் தோன்றும். உள்ளட்டையை எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நிற்கச் சொல்லுங்கள். அக்காவின் பழைய காலணி வேண்டாம், அது அக்கா பாதத்தின் வடிவத்துக்குக் குழிந்திருக்கும்.

நல்ல பிராண்டு ஷூவை இரண்டு ஆண்டு பெட்டியில் வைத்திருந்து, தீபாவளிக்குப் போட்டேன். தேக்காவில் நடக்கும்போதே அடிப்பாகம் துகள் துகளாக உதிர்ந்தது. போலியா?
– பாசிர் ரிஸ் வாசகர்

போலியாக இருக்க வேண்டியதில்லை. பல காலணிகளின் அடிப்பாகம் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருள். காற்றின் ஈரப்பதம் அதை மெல்ல மெல்ல உடைக்கிறது. நம் ஊர் ஈரத்தில், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள், போடாமல் வைத்த ஜோடிதான் முதலில் உதிரும். பத்திரப்படுத்துவதை விட மாதத்தில் சில முறை போட்டு நடப்பது நல்லது. வாசலிலோ அடுக்கிலோ காற்றாட வையுங்கள், வெயிலில் காயப்போட வேண்டாம். மழையில் நனைந்தால் உள்ளட்டையை உருவி, செய்தித்தாளை உள்ளே திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தினமும் போடுவதற்கு இரண்டு ஜோடி இருந்தால் ஒவ்வொன்றும் முழுதாக உலர ஒரு நாள் கிடைக்கும். நான்காம், ஐந்தாம் விரலிடுக்கில் வெளுத்து அரிக்கும் சேற்றுப்புண்ணுக்கும் அந்த ஒரு நாள் உலர்த்தல் பாதி மருந்து. விசேஷத்துக்கு எடுக்கும் பழைய ஷூவை முதல் நாளே அணிந்து, வீட்டு மாடிப்படியில் நாலு முறை ஏறி இறங்கிப் பார்த்துவிடுங்கள்.